இல்லாத சர்க்கரைக்குப் பாகற்காய்

என் வீட்டுக்காரர் சுருளிவேலுக்குச் சர்க்கரை நோய் வந்தது போன ஐப்பசியில். ஆனால் ஊர் அவரைச் சர்க்கரைக்காரர் என்று சொல்ல ஆரம்பித்துப் பன்னிரண்டு வருசம் ஆகிவிட்டது. நடுவில் இருந்த காலமெல்லாம் இல்லாத நோய்க்கு அவர் பத்தியம் இருந்தார். இருந்த நோயை வெளியே சொல்லவில்லை.

இருந்த நோய் எச்.ஐ.வி. தேனியில் அதற்கென்று இருக்கிற ஏ.ஆர்.டி. மையத்தில் முதல் மாத்திரை டப்பாவைக் கொடுத்து அனுப்பிய அன்று, இவர் மஞ்சப்பையோடு வீட்டுக்குள் நுழைகிறார். வாசலில் என் ஓரகத்தி பொன்னாத்தாள் அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, பைக்குள்ள கிலுகிலுன்னு சத்தம் கேக்குது?"

கேரளா வியாபாரிகளிடம் ஒரு லோடு திராட்சைக்கு அரைநாள் பேரம் பேசுகிற மனுசன். அந்த ஒரு கேள்விக்குத் திணறிப்போனார். பிறகு சொன்னார்: "மாத்திரை மதினி. சுகர்."

கேஸ் டிரபிள் என்று சொல்லியிருக்கலாம். மூட்டுவலி என்று சொல்லியிருக்கலாம். சுகர் என்றால் ஒரு மரியாதை இருக்கிறது பாருங்கள். காமயகவுண்டன்பட்டியில் நாலு ஏக்கர் பந்தல் திராட்சை வைத்திருப்பவருக்குச் சுகர் இல்லையென்றால்தான் ஏன் இல்லை என்று கேட்பார்கள். அக்காவும் முகத்தை வாட்டவில்லை. நம் வீட்டிலும் ஒருத்தருக்கு வந்துவிட்டது என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் பூண்டைத் தொடர்ந்தார்.

எச்.ஐ.வி. எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நானும் கேட்டேன். கோட்டயத்துக்கு லோடு ஏற்றிப் போன காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். ஒரு பருவம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பிறகு கொடியைக் கவாத்து வெட்டுகிற நேரம் வந்துவிட்டது. கூலியாளுக்கு யார் சொல்லிவிடுவது என்று பேச வேண்டியதாயிற்று, அப்படியே மற்றதையும் பேசினோம். எனக்குச் சோதித்துப் பார்த்ததில் இல்லை என்று வந்தது. அவரும் மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டதில், வைரஸ் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் போய்விட்டதாகத் தேனியில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் சுகரால் வந்தது.

ஊர் ஒரு விசயத்தை நம்பிவிட்டால் அரைகுறையாக நம்பாது. கல்யாண வீட்டுக்குப் போனால் இவருக்கென்று தனி கவனிப்பு. "அண்ணனுக்குப் பாயசம் வைக்காதே!" என்று பந்தியின் அந்தக் கடைசியிலிருந்து குரல் வரும். சொந்தக்காரர் வீட்டு விசேசம் எதுவானாலும் பொன்னாத்தாள் அக்கா வீட்டிலிருந்தே பாகற்காய் வதக்கி ஒரு தூக்கில் கொண்டுவந்து, இவர் இலையில் மட்டும் குவித்து வைப்பார். பாகற்காயைக் கண்டாலே குமட்டுகிற மனுசன், கண்ணில் நீர் முட்ட முட்டச் சாப்பிட்டுவிட்டு, "அருமையா இருக்கு மதினி" என்பார். அக்கா அதைப் பாராட்டு என்று நம்பி, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் அதிகமாக வதக்குவார்.

சொந்தத் தோட்டத்துப் பன்னீர் திராட்சையை ஆள் முன்னால் வாயில் வைத்ததில்லை. ஆள் இல்லாத நேரத்தில் நடந்தது வேறு. மருந்தடிக்கிற பம்பு வைத்திருக்கும் கொட்டகையில், யூரியா மூட்டைக்குப் பின்னால், கம்பத்து மைசூர்பாகு ஒரு டப்பாவில் எப்போதும் இருக்கும். வீட்டில் அவருக்கு மட்டும் காபியில் இரண்டு கரண்டி சீனி. யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் டம்ளரை என் கையில் திணித்துவிடுவார்.

இதோடு நின்றாரா? சுகர் விசயத்தில் ஊருக்கே ஆலோசகர் ஆனார். புதிதாகச் சுகர் வந்தவர்களையெல்லாம் சேர்த்து விடிந்ததும் கம்பம் ரோட்டில் வாக்கிங் போகிற கோஷ்டி ஒன்று உண்டாயிற்று. தலைவர் இவர். உரக்கடை ராஜமணி அண்ணன் செயலாளர். நடந்துகொண்டே இவர் வகுப்பு எடுப்பார்.

"நல்லாக் கேட்டுக்கோங்கப்பா. திடீர்னு வேர்த்துக் கொட்டி, கை நடுங்குச்சுன்னா சுகர் ஏறிருச்சுன்னு அர்த்தம். அந்த நேரத்துல இனிப்பக் கண்ணுல காட்டக் கூடாது."

இதை எந்த டாக்டரும் இவருக்குச் சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்தது. கோஷ்டி பயபக்தியோடு கேட்டுக்கொண்டது.

பிறகு வீடு தேடி வந்து சுகர், பிரசர் பார்த்து மாத்திரை கொடுக்கிற திட்டம் வந்தது. எங்கள் தெருவுக்கு வருகிற பெண்ணின் பெயர் கயல். நல்ல பிள்ளை. விரலில் குத்திப் பார்க்க ஊசியை எடுத்தாலே இவருக்கு உயிர் போய்விடும். ஒரு சொட்டு ரத்தத்தில் மெஷின் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று பயம். "நேத்துத்தாம்மா தேனில பார்த்தேன், நூத்தி நாப்பது" என்று சொல்லிக் கையை இழுத்துக்கொள்வார். எப்போது கேட்டாலும் நூத்தி நாப்பதுதான். கயல் கொடுத்துவிட்டுப் போகிற சுகர் மாத்திரையையெல்லாம் நான் பின்பக்கத் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன். அந்தத் தென்னைக்கு இந்த ஜென்மத்தில் சுகர் வராது.

தேனிக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே, "சுகர், பிரசர் எல்லாம் பார்க்கிறீர்களா?" என்று கேட்டால், "எங்க ஊர்லயே வீட்டுக்கு வந்து பார்க்குறாக சார், எல்லாம் நார்மல்" என்பார். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னால், வருகிற வழியில் பொங்கல் சாப்பிட்டுவிட்டேன் என்பார். ஆக, தேனியில் அவர் சுகர் இல்லாத எச்.ஐ.வி.காரர். ஊரில் எச்.ஐ.வி. இல்லாத சுகர்காரர். ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார்கள், ஒரு டாக்டரும் முழு ஆளைப் பார்த்ததில்லை.

போன ஐப்பசியில் உடம்பு இளைக்க ஆரம்பித்தது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். பந்தல் கம்பி குத்திய கால் பெருவிரல் புண் ஆறவே இல்லை. இவருக்கு ஒரே எண்ணம்தான்: வைரஸ் முற்றிவிட்டது. தேனிக்கு ஓடினார். அங்கே சோதித்து, வைரஸ் இப்போதும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்கள். மனுசன் அன்றைக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். புண்ணைப் பற்றி அங்கே மூச்சே விடவில்லை.

"கண்ணுக்குத் தெரியாததுக்கு அல்வா. கண்ணுக்குத் தெரியுற புண்ணுக்கு என்ன வாங்கித் தரப் போறீக?" என்றேன்.

விரல் கறுக்க ஆரம்பித்த பிறகுதான் என்னால் அவரைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போக முடிந்தது. புதிதாக வந்திருந்த டாக்டரம்மா இவாஞ்சலின், சின்ன வயசு, ரத்தத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நானூற்றுச் சொச்சம்.

"எத்தனை வருஷமா சுகர்?"

"பன்னெண்டு வருசம்மா" என்றார் இவர். ஊர்க்காரர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், வேறு என்ன சொல்வார்?

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்லம்மா."

சத்தியமான வார்த்தை. எந்த மாத்திரை என்பதை மட்டும் சொல்லவில்லை.

"வேற ஏதாவது மாத்திரை?"

என் கையை மேசைக்குக் கீழே நசுக்கிப் பிடித்தார். "இல்லம்மா."

டாக்டரம்மா என்ன செய்வார்? இத்தனை வருசம் மாத்திரை சாப்பிட்டும் அடங்காத சுகர் என்று நினைத்து, மாத்திரையை இரண்டு மடங்காக்கினார், கூட இன்னொரு மாத்திரை சேர்த்தார், காலையில் போட இன்சுலின் ஊசியும் எழுதினார். "ஊசி போட்டா உடனே சாப்பிடணும். வேர்த்து, நடுக்கம் வந்தா சுகர் இறங்குதுன்னு அர்த்தம், உடனே சீனியோ பழச்சாறோ கொடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இவர் அதைக் காதில் வாங்கவில்லை. வாக்கிங் கோஷ்டித் தலைவருக்கு யார் பாடம் எடுப்பது?

அன்றிலிருந்து வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. வாந்தி, பேதி. எனக்கு உள்ளுக்குள் பயம். இந்த மாத்திரைக்கும் அந்த மாத்திரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லையோ, போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். "சொன்னா அந்தக் கயலுக்குத் தெரியும், கயலுக்குத் தெரிஞ்சா தெருவுக்குத் தெரியும். என்னையக் கொன்னுரு, அது சுளுவு" என்றார். கோபத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்னாத்தாள் அக்கா வீட்டுக்காரர், என் மூத்தார் கர்ணன் மாமாவின் பேரனுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் கோயிலில் காதுகுத்து. காலையில் ஊசியைப் போட்டு, மாத்திரைகளையும் விழுங்கினார். தின்ற அரை இட்லி வெளியே வந்துவிட்டது. "போய்ப் பந்தில சாப்பிட்டுக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் வந்து இறங்காமல் பிள்ளை காதில் ஊசி படாது. ஊசி படாமல் பந்தியில் இலை விழாது. தாய்மாமன் அல்லிநகரத்துக்காரர். சீரை மூன்று வண்டியில் ஏற்றிக்கொண்டு, செண்டை மேளம் வைத்து, ஊருக்கு வெளியேயே இறங்கி, வெடி போட்டு, டிரோன் கேமராவுக்குக் கையாட்டி, அடி அடியாக நகர்ந்து வந்துகொண்டிருந்தார். மேளச் சத்தம் கேட்டது, ஆள் வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

இவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை உதறியது. என்னைப் பார்த்து, "லோடு ஏத்தியாச்சா?" என்று கேட்டார். சமையல் பக்கம் ஓடி, ஒரு டம்ளர் பாயசத்தை மொண்டுகொண்டு வந்தேன். வாய்ப்பக்கம் கொண்டுபோகிறேன், ராஜமணி அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஏத்தா முனீஸ்வரி, என்ன காரியம் பண்ற? அண்ணனுக்குச் சுகர் ஏறிக் கெடக்கு, பாயசம் ஊத்துற?"

"ஏறல அண்ணே, எறங்கிருச்சு! விடுங்க!"

"வேர்த்து நடுங்குச்சுன்னா ஏறிருச்சுன்னு அர்த்தம். அண்ணன் சொல்லிக்குடுத்ததுதான்."

வாக்கிங் கோஷ்டி மொத்தமும் சுற்றி நின்றுகொண்டது. குருவைக் காப்பாற்ற அத்தனை பேரும் துடித்தார்கள். ஒருத்தர் பாயச டம்ளரைப் பிடுங்கிக் கீழே ஊற்றினார். பொன்னாத்தாள் அக்கா வெந்தயத் தண்ணியோடு ஓடி வந்தார்.

"அவுகளுக்குப் பன்னெண்டு வருசமாச் சுகரே இல்ல! சும்மா சொன்னாக! இப்பத்தான் வந்துச்சு!" என்று கத்தினேன்.

"பாவம், பயத்துல பெனாத்துது. முனீஸ்வரிய அங்கிட்டுக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார் யாரோ.

அவர் கண் மேலே சொருகிக்கொண்டிருந்தது. வைரஸுக்குத் தப்பித்த மனுசன், சீனி கிடைக்காமல் ஒரு விசேச வீட்டில் சாகப் போகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் மேளம் வாசலுக்கு வந்தது. தட்டு ஏந்திய பெண்கள் வரிசையாக உள்ளே நுழைந்தார்கள். முதல் தட்டில் எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சை, முந்தின நாள் தாய்மாமன் "சொந்தத்துக்குள்ள என்ன காசு" என்று வாங்கிப் போனது. இரண்டாவது தட்டில் சீனி.

நான் யாரையும் கேட்கவில்லை. ராஜமணி அண்ணன் கையைக் கடித்துவிட்டு ஓடினேன். இரண்டு தட்டையும் பிடுங்கினேன். பிள்ளைக்கு முன்னால் சீர்த் தட்டில் கை வைத்தவள் எங்கள் வம்சத்திலேயே நான்தான். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, திராட்சையைக் கை நிறைய அள்ளி அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்தேன். சீனியை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன். "கொன்னுட்டா, கொன்னுட்டா" என்று ஒரு கிழவி அழ ஆரம்பித்தாள். என் அழுகை அதைவிடப் பெரிது, அதனால் எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை.

அவர் தொண்டை அசைந்தது. விழுங்கினார். இன்னொரு வாய். இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கண் நேராக வந்தது. நாக்கால் உதட்டைத் துழாவிவிட்டு, "இன்னும் கொஞ்சம் குடு" என்றார்.

அத்தனை சனமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுகர் தலைவர் சீனியைத் தின்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் கத்தியது பெனாத்தல் இல்லை என்று ஒவ்வொருத்தருக்காக உறைக்க ஆரம்பித்தது. மேளம்கூட நின்றுவிட்டது. கர்ணன் மாமாதான் முன்னால் வந்து குனிந்தார்.

"ஏலே சுருளி. சுகரே இல்லன்னா, இத்தன வருசமா தெனமும் என்னலே மாத்திரை தின்ன?"

இப்போது சொல்லிவிடுவார், முடிந்துவிடும் என்று நினைத்தேன். மீசையில் சீனி ஒட்டியிருக்க, அவர் அண்ணனை ஏறிட்டுப் பார்த்துச் சொன்னார்:

"பிரசர்ணே."

கொடுத்த திராட்சையைத் திரும்பப் பிடுங்கலாமா என்று இருந்தது எனக்கு.

மறுநாள் அவரை நான் கேட்கவில்லை. பம்புக் கொட்டகையில் மைசூர்பாகுக்குப் பக்கத்தில் இருந்த ஏ.ஆர்.டி. டப்பாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவரையும் ஆட்டோவில் ஏற்றினேன். டாக்டரம்மா அறையில் கதவைச் சாத்திவிட்டு, டப்பாவை மேசைமேல் வைத்தேன். இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இதுதாம்மா ஒரு நாள் விடாம சாப்பிட்டது" என்றேன்.

"அப்போ சுகர் மாத்திரை?"

"தென்னைக்குப் போட்டுட்டோம்மா."

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் படித்தார். முகம் சுளிக்கவில்லை. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது, ஆனால் அது வேறு கோபம்.

"இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு நான் எழுதின சுகர் மாத்திரை உடம்புல கூடுதலா தங்கும். அதுல பாதிக்கு மேல தரவே கூடாது. அதான் வாந்தி. சாப்பாடு நிக்கல, ஊசி மட்டும் போட்டிருக்கீங்க. ஊருக்குச் சொல்ல வேண்டாம் அய்யா, எனக்குச் சொல்லணும்ல? தேனியிலயும் சொல்லணும்ல?" மருந்துச்சீட்டில் பாதியை அடித்தார். பிறகு, "காலைக் காட்டுங்க" என்றார்.

கையுறை மாட்டிக்கொண்டு, முக்காலியில் அவர் காலைத் தூக்கி வைத்து, கட்டைப் பிரித்துப் பார்த்தார். எல்லோருக்கும் அதே கையுறைதான், வெளியே வரிசையில் காத்திருந்தவர்களுக்கும் அதேதான். புண்ணைச் சுற்றி விரலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டார்.

"இங்க தெரியுதா?"

இவர் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"இங்க? தொடுறது தெரியலையா?"

"தெரியுதும்மா" என்றார். "நல்லாத் தெரியுது." துண்டுக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். என்னைத் தவிர, நோயைத் தெரிந்துகொண்டு எங்கள் ஊரில் அவரைத் தொட்ட முதல் ஆள் டாக்டரம்மாதான். பாவமாக இருந்தது எனக்கு. அந்தப் பன்னிரண்டு வருசக் கோபத்துக்கு நடுவிலும் அவ்வளவு பாவமாக இருந்தது.

விரலைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டரம்மா. கடைசியில் கையில் பட்டையைச் சுற்றிப் பிரசர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"பிரஷரும் இருக்கே."

நான் சிரித்துவிட்டேன். இவர் வாயால் எந்த நோயைச் சொன்னாலும் வந்துவிடுகிறது. இனிமேல் யாராவது கேட்டால் என்னைக் கேட்காமல் நோய்ப் பெயர் சொல்லக் கூடாது என்று ஆட்டோவிலேயே சத்தியம் வாங்கினேன்.

சாயங்காலம் கர்ணன் மாமா வந்தார். கையில் அதே பாகற்காய்த் தூக்கு. உள்ளே இந்தத் தடவை உப்பில்லாத கஞ்சி. "பிரசருக்கு உப்பு ஆகாதாம், உங்க மதினி குடுத்துவிட்டா" என்றார். ஊர் ஒரு நாளில் அடுத்த பத்தியத்தை ஆரம்பித்துவிட்டது. இவர் தூக்கைப் பார்த்தார், காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இங்கன உக்காருங்க. பிரசரும் இருக்கு, சுகரும் இருக்கு. அதுக்கெல்லாம் முன்னாடி வந்தது ஒண்ணு இருக்கு."

சொன்னார். சுற்றி வளைக்காமல், அதன் பெயரைச் சொல்லியே சொன்னார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டேன். மாமா தூக்கின் மூடியைத் திறந்தார், மூடினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா உன்னைய ஒதுக்கிருப்பேன்னு நெனச்சியாலே?" என்றார் கடைசியில்.

இவர் கால் கட்டின் நுனியை இழுத்துச் செருகினார்.

மாமா பொய் சொல்லத் தெரியாத மனுசன். "ஒதுக்கிருப்பேன்தான்" என்றார் மெதுவாக. "அப்ப ஒதுக்கிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கஞ்சித் தூக்கைத் தம்பி பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். இத்தன வருசமா ஒவ்வொரு விசேசத்துக்கும் வீட்டுலருந்து பாகற்காய வதக்கிச் சொமந்தாளே உன் மதினி, அவகிட்ட எவன்லே போய்ச் சொல்றது?"